அறுபதாவது அறிவித்தல்

நான் உயிரோடு திரும்பி வந்ததற்காக எங்கள் ஊர், மன்னார் கீரிக் கோயிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். பிரசங்கத்தில் சுவாமி என் பெயரை நான்கு தடவை சொன்னார். சிங்கக் குகையிலிருந்து மீண்டு வந்த தானியேல் என்றார். தானியேல் குகைக்குள் சிங்கங்களுக்குச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவன் இல்லை என்பது சுவாமிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் என்னைப் பற்றி அவருக்குத் தெரியாது. புதுச் சேர்ட்டோடு முன் வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அக்கா பின்னால் கதவோரமாக நின்றாள்.

அம்மா அக்காவோடு கதைத்து ஐந்து மாதமாகிறது. ஒரே குசினியில் இரண்டு பேரும் சமைக்கிறார்கள். உப்புப் போதாவிட்டால் அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள். அக்கா உப்பை எடுத்து வைப்பாள். ஊருக்கு இதற்கான காரணம் நன்றாகத் தெரியும், ஊர் அம்மாவின் பக்கம்.

காரணம் இதுதான். தாய்லாந்தில் கணினி வேலை என்று ஒரு ஏஜென்சிக்காரன் என்னை அனுப்பினான். அங்கே இறங்கியதும் ஆற்றைக் கடத்தி மியன்மாருக்குள் ஒரு மதில் சூழ்ந்த இடத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். விடுவதானால் இருபத்திரண்டு லட்சம் என்று வீட்டுக்குச் செய்தி போனது. அந்த ஏக்கத்திலேயே அப்பா நெஞ்சு நோவு வந்து போய்விட்டார். பிரான்சில் இருக்கும் சித்தப்பா, மீனவர் சங்கம், கோயில் உண்டியல், அம்மாவின் சங்கிலி எல்லாம் சேர்ந்து பதினான்கு லட்சம் வந்தது. காசு அக்காவின் வங்கிக் கணக்கில் கிடந்தது. மிச்ச எட்டைப் புரட்ட வழி தெரியாமல் நின்றவள், ஃபோனில் பழகிய ஒருவன் சொல்லைக் கேட்டு முழுவதையும் கிரிப்டோவில் போட்டாள். ஒரு கிழமையில் காசு போனது. நான்கு மாதம் கழித்து அந்த இடத்தை ஆமிக்காரர் சுற்றிவளைத்து, எங்களை ஒரு சதமும் வாங்காமல் பிளேனில் ஏற்றி அனுப்பினார்கள். ஆகவே அம்மாவின் கணக்குப்படி மடு மாதா மகனைத் தந்தாள், மகள் காசை விழுங்கினாள்.

அங்கே என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். ‘டைப் பண்ண விட்டவங்கள், பண்ணாட்டி அடிச்சவங்கள்’ என்றேன். இரண்டும் உண்மை. முதுகிலிருந்த தழும்பைப் பார்த்தபின் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. முதுகு இருப்பது இந்த விசயத்தில் வசதியாகப் போய்விட்டது.

வேலையை இங்கே சொல்கிறேன். வெளிநாட்டுத் தமிழர்களோடு நட்பாகக் கதைத்து, ஒரு போலித் தளத்தில் அவர்களைக் கிரிப்டோ வாங்க வைக்க வேண்டும். கிரிப்டோவுக்கு வங்கியும் இல்லை, கந்தோரும் இல்லை. ஒரு நீண்ட எழுத்து வரிசைக்கு அனுப்பினால் காசு போய்விடும். போன காசைத் திருப்பித் தா என்று போய் நின்று கேட்பதற்கு உலகத்தில் ஒரு யன்னல் கிடையாது. கள்ளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எங்கள் லீடர் ஒரு மெலிந்த மனிதன். எந்நேரமும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பான். அவன் தந்த இலக்கங்களுக்கு நாங்கள் எழுதினால் தமிழர்கள் உடனே பிளொக் பண்ணிவிடுவார்கள். அதற்கும் எங்களுக்குத்தான் அடி.

ஒரு நாள் அடிக்குப் பயந்து நான் வாயைத் திறந்தேன். எங்கள் சனம் மரண அறிவித்தலை இணையத்தில் போடும் என்று சொன்னேன். செத்தவர் பிறந்த இடம், வாழ்ந்த இடம், மனைவி யார், எந்தப் பிள்ளை எந்த நாட்டில், கடைசியில் கைபேசி இலக்கம். வேறு எந்தச் சனமாவது தன் குடும்ப விபரம் முழுவதையும் படத்தோடும் இலக்கத்தோடும் உலகத்துக்கு ஒட்டி வைக்குமோ தெரியாது. நாங்கள் வைப்போம். ஒரு பெயர் விடுபட்டாலும் செத்தவீட்டில் சண்டை வரும் என்பதற்காக மருமக்கள், சகலன், சம்பந்தி வரை வைப்போம். லீடர் இதை இரண்டு முறை மொழிபெயர்ப்பித்துக் கேட்டான். அன்று பின்னேரம் எனக்கு இரண்டு அவித்த முட்டை கிடைத்தது.

மறுநாளிலிருந்து அது என் வேலை. ஒரு நாளைக்கு அறுபது அறிவித்தல் வாசித்து அட்டவணை நிரப்ப வேண்டும். மற்றவர்கள் அனுப்பும் செய்திகளையும் நானே எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அனுதாபம் மட்டும். பத்தாம் நாள் ‘சாப்பிட்டீங்களோ?’ முப்பத்தோராம் நாள் வரை காசைப் பற்றி மூச்சு விடக்கூடாது. முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்து, வாடகைக் கதிரைகளை லாண்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபிறகுதான் வீடு வெறிச்சோடும். அப்போது மனிதர் யாரோடும் கதைப்பார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையை நாங்கள் எல்லோரும் சின்ன வயதிலேயே படித்தோம். ஓநாய்க்கு எந்த நாளில் அழ வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தவன் நான்.

ஒரு நாள் பின்னேரம் ஐம்பத்தொன்பது முடிந்திருந்தது. அடுத்ததைத் திறந்தேன். நீலச் சேர்ட்டில் அப்பா இருந்தார். மச்சாளின் கலியாணப் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். ஓரத்தில் என் தோள்மூட்டு கொஞ்சம் தெரிந்தது. ‘மன்னார் கீரியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சந்தியோகு வலன்ரைன் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்னார் றஞ்சிதத்தின் அன்புக் கணவரும், ஜெயனி, றெனால்ட் (தாய்லாந்து) ஆகியோரின் பாசமிகு தந்தையும் ஆவார்.’ கீழே: ‘தொடர்புகளுக்கு, ஜெயனி, மகள்.’ இலக்கம். அக்கா என் பெயருக்குப் பக்கத்தில் நாட்டையும் போட்டிருந்தாள். வெளிநாட்டில் ஒரு மகன் இருப்பது மரியாதைதானே.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. லீடர் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்து, ‘ஐம்பத்தொன்பது’ என்றான். எங்களோடு அடைபட்டிருந்த முசலிப் பக்கத்து றிஷாட் முந்தின நாள் இரண்டு குறைந்ததற்காக, தலையில் தண்ணீர்க் கானோடு வெயிலில் நின்று விழுந்தவன். எனக்கு அது நினைவில் இருந்தது. ஆனால் அதைக் காரணமாகச் சொல்லி நான் தப்ப முடியாது. இரண்டு நிமிடம் தேடியிருந்தால் வேறொரு அறிவித்தல் கிடைத்திருக்கும். அன்று உலகத்தில் வேறு தமிழர்களும் செத்திருப்பார்கள். நான் தேடவில்லை. பெயர், உறவு, இலக்கம் என்று விரல் தன் பாட்டில் அடித்துக்கொண்டு போனது. அறிவித்தலில் இல்லாத ஒன்றையும் அடித்தேன்: திருமணமாகவில்லை. லீடர் அந்த வரிசைக்கு ஒரு நட்சத்திரம் போட்டான்.

அந்த அட்டவணை எந்த மேசைக்குப் போனது, எவன் எழுதினான் என்று நான் பார்க்கவில்லை. ஊருக்கு வந்து, அக்கா காசைத் தொலைத்த கதையைக் கேட்டபோது விளங்கிவிட்டது. மூன்று கிழமையாக விளங்கிய மாதிரிக் காட்டிக்கொள்ளாமல் இருந்தேன். உண்மையைச் சொன்னால் அவள் தலையிலிருக்கும் பழி என் தலைக்கு வரும். நான் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா வந்து, “நானாட்டானுக்கு ஒருக்கா வாறியோ? வயலைக் குத்தகைக்குக் குடுக்கிறன், சாட்சிக் கையெழுத்து வேணும்” என்றாள். அம்மா வழியில் வந்த இரண்டு ஏக்கர் வயல், சீதனமாக அக்காவின் பெயருக்கு எழுதியது. எங்களிடம் மிச்சமிருக்கும் ஒரே சொத்து. அந்தக் காசை ஊராருக்குத் திருப்பிக் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்து, சரி என்றேன்.

பஸ் பாலம் தாண்டி, தள்ளாடிச் சந்தியில் ஆமிக்காரனின் சோதனைக்காக நின்று, நானாட்டானில் இறக்கிவிட்டது. அறுவடை நாள். வீதி முழுக்க வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரங்கள். உறுதி எழுதும் நொத்தாரிசு கந்தோரின் விறாந்தையில் வஸீர் நானா இருந்தார். சிலாவத்துறையில் நெல் மில் வைத்திருப்பவர், அப்பாவிடம் வருசக் கணக்காகக் கருவாடு வாங்கியவர்.

“வாங்க மகன், வாங்க. அல்லா உங்களக் காப்பாத்திட்டான்” என்று என் தோளைத் தட்டினார். பிறகு அக்காவைப் பார்த்தார். “ஆறு லட்சம், அஞ்சு வருசம். கொண்டு வந்திருக்கன் தங்கச்சி. வட்டி நமக்கு ஹராம், குத்தகையில பிழையில்ல. நொத்தாரிசு ஐயா கோட்டுக்குப் போயிட்டாராம், பத்தரைக்கு வருவாராம்.” அவர் தேத்தண்ணி குடிக்க எதிர்க்கடைக்குப் போனார்.

அக்கா கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. நான் வந்தபிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

“இந்தா, பார். ஒருத்தருக்கும் சொல்லேல்ல, உனக்குத்தான் காட்டுறன். காசு துலையேல்ல.”

திரையில் பச்சை எழுத்தில் முப்பத்தொரு லட்சம் என்று இருந்தது. அந்தத் தளத்தை எனக்குத் தெரியும். அதில் எந்த இலக்கத்தையும் எங்கள் ஆட்களே தட்டிப் போடலாம்.

“பூட்டிக் கிடக்குது. வரி கட்டினா விடுவாங்கள். ஆறு லட்சம். கட்டினவுடன எல்லாத்தையும் எடுத்து அம்மாட மடியில கொட்டுவன். பிறகு அவ கதைப்பா. நீ கொம்பியூட்டர் படிச்சனிதானே, காசை அந்த டிஜிட்டல் டொலராக்கி அனுப்பிற வேலைய மட்டும் நீ செய்து தா.”

“ஆர் அக்கா உங்களுக்கு இதைச் சொல்லுறது?”

“ஜெனிஸ்ரன் அண்ணா. நோர்வேயில இருக்கிறார். வங்காலைதான் பிறந்த இடம். மனுசி கான்சர் வந்து செத்துப்போச்சு, பாவம்.”

வங்காலையில் பிறந்து, ஒஸ்லோவில் வேலை பார்த்து, மனைவியைப் புற்றுநோய்க்குக் கொடுத்த ஜெனிஸ்ரனை நான்தான் உண்டாக்கினேன். அவருக்குப் பிள்ளை இல்லை என்று வைத்தது, கேட்பவர்களுக்கு இரக்கம் கூடட்டும் என்று. அவருக்குக் கால் உளைச்சல்கூட வைத்தேன்.

“அக்கா, இது பொய். ஆறு லட்சமும் போகும்.”

“எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவினம்.” சிரிப்பு போய்விட்டது. “உனக்கென்ன தெரியும்? நீ அங்க அடைபட்டுக் கிடந்தனி. எனக்கு இஞ்ச ஆர் இருந்தது? அப்பாட முப்பத்தொண்டு முடிய ஒரு சனம் எட்டிப் பாக்கேல்ல. அம்மா சுவரோட கதைக்கிறா. அவர் ஒருத்தர்தான் ஒவ்வொரு நாளும் கேட்டவர்.”

வேறு எதைச் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள் என்று தெரிந்தது. எதிர்க்கடையில் வஸீர் நானா தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். மணி பத்து இருபது.

“சரி. ‘தம்பி வேண்டாமெண்டு நிக்கிறான்’ எண்டு அந்தாளுக்கு எழுதுங்கோ” என்றேன். அவள் முறைத்துக்கொண்டே எழுதினாள். அனுப்பியதும் நான் சொல்லத் தொடங்கினேன். “இப்ப எழுதுவான்: ‘தம்பியில கோவிக்காதீங்கோ. அவர் உங்களில பாசம் வச்சபடியால்தான் சொல்லுறார். என்ர மனுசி கிடக்கேக்க எனக்கும் ஆக்கள் இப்பிடித்தான் சொன்னவை. நான் அவையின்ர சொல்லைக் கேட்டிருந்தா அவவுக்கு மருந்துகூட வாங்கியிருக்க ஏலாது.’”

ஃபோன் அதிர்ந்தது. அக்கா வாசித்தாள். உதடு அசைய அசைய வாசித்தாள். ‘கோவிக்காதீங்கோ’வுக்குப் பதிலாக ‘கோவப்படாதீங்கோ’ என்று இருந்தது. மற்றதெல்லாம் அப்படியே.

“ஒரு நிமிசம் சும்மா விடுவான். பிறகு, ‘தங்கச்சி நீங்க காலமச் சாப்பாடு சாப்பிடேல்லப் போல’ எண்டு கேப்பான்.”

இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒரு உழவு இயந்திரம் பெரிய சத்தத்தோடு கடந்து போனது. செய்தி வந்தது. அக்கா ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“உனக்கெப்பிடித் தெரியும்?”

“நான் எழுதினது.”

“நீயோ ஜெனிஸ்ரன்?”

“இல்லை. தப்பியோடினவங்கள் வேற இடத்தில தொடங்கியிருப்பாங்கள், இப்ப எழுதுற ஆள் ஆரெண்டு தெரியாது. சொல்லெல்லாம் என்ர. வீட்டுக்காரர் தடுத்தா என்ன எழுதவேணுமெண்டு ஒரு தாள் இருக்கு. அதை எழுதிக் குடுத்தது நான்.”

“சாப்பிட்டீங்களோ எண்டு கேக்கிறதுமோ?”

“அது பத்தாம் நாள் செய்தி.”

பதினான்கு லட்சம் போனது என்று கேட்டபோது அக்காவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதைக் கேட்டபோது எப்படி இருந்தது என்று தெரியும். அதைப் பார்த்தும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அசைய வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

நொத்தாரிசு ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வஸீர் நானா காசு உறையைச் சேர்ட்டுக்குள்ளிருந்து எடுத்தபடி வீதியைக் கடந்தார். அக்கா எழும்பி நின்றாள்.

“வேண்டாம் நானா. வயல் குடுக்கேல்ல. குறை நினைக்காதீங்கோ.”

“என்ன தங்கச்சி இது, விடிய சுபஹுத் தொழுதுட்டு வெளிக்கிட்ட ஆள் நான்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், உறையைத் திரும்பவும் உள்ளே வைத்தார். “சரி, நஸீபு இல்ல. தேவையெண்டா கோல் எடுங்க.”

பஸ் தரிப்பிடத்தில் ஒரு நாயும் நாங்களும்தான். அக்கா வீதியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எங்கட நம்பர் அவங்களுக்கு எங்கால போனது?”

அறிவித்தலில் இருந்தது என்று சொல்லி அதோடு நிறுத்தியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது. நான் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. ஒருவேளை, மூன்று கிழமை தானியேலாக இருந்த அலுப்பு.

“அறிவித்தலில இருந்து நான்தான் எடுத்துக் குடுத்தனான்.”

“அப்பாட படத்தைப் பாத்தனியோ?”

“பாத்தனான்.”

“என்ர பேரையும்?”

“ஓம்.”

“எயாப்போட்டில நான் அப்பா செத்ததைச் சொல்லேக்க நிலத்தில இருந்து தலையில அடிச்சு அழுதனியே. சனமெல்லாம் தண்ணி கொண்டு வந்ததே.”

“அப்பவே எனக்குத் தெரியும் அக்கா.”

“ஏன்டா?”

“அறுவது வேணும். அம்பத்தொம்பது இருந்தது.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் அடிக்கவில்லை. பஸ் வந்தது. ஏறினோம். பாதி வழி வரை அவள் யன்னல் பக்கமே பார்த்திருந்தாள். தள்ளாடிச் சந்தி தாண்டியபோது, ஃபோனைத் திறந்து, அந்த ஆளின் செய்திகளை மேலிருந்து கீழாக ஒருமுறை தள்ளிப் பார்த்து, அழித்தாள். பொலிசுக்குக் காட்ட அது தேவைப்படும் என்று சொல்ல வந்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பாலத்தில் ஏறியபோதுதான் கதைத்தாள்.

“அம்மாட்ட இதைச் சொல்லாத.”

“சொல்லத்தான் வேணும். அஞ்சு மாதமா உங்களில பழி.”

“நான் காசைத் துலைச்சது பொய்யோ? என்ர கையாலதான் அனுப்பினனான். எனக்கு அந்தப் பழி பழகிப்போச்சு. அப்பா செத்ததில இருந்து அவ உன்னை நினைச்சுத்தான் எழும்பி நடமாடுறா. இதைக் கேட்டா அவ இருக்கமாட்டா.” கைப்பையை மூடிக்கொண்டு சொன்னாள்: “அவவுக்கு ஒரு பிள்ளையெண்டாலும் மிஞ்சட்டும்.”

எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். வெட்கமும் வந்தது, ஆனால் ஆறுதல்தான் முதலில் வந்தது.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது அம்மா குசினி வாசலில் மீன் வெட்டிய கையைக் கழுவிக்கொண்டு நின்றாள். “போன காரியம் சரிவந்ததோ ராசா?” என்று என்னைக் கேட்டாள்.

“இல்லையம்மா.”

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பினாள். “அதையும் குழப்பிப்போட்டாளாக்கும். கடன்காரர் வந்து வாசல்ல நிக்கட்டும். குடும்பத்தை அழிக்கவெண்டே பிறந்தது.”

அந்த இடத்தில் ஒரு வசனம் போதும். வாயில் வந்து நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“ஓமம்மா, நான்தான் குழப்பினது” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு உள்ளே போய், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தைக்க வைத்திருந்த துணியை எடுத்து மெசினில் போட்டாள்.

அம்மா எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள். சோறு போட்டு, விளைமீன் குழம்பில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். பக்கத்திலேயே நின்று, முள்ளைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னாள். நான் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது. இன்னுமொரு துண்டு வேணுமோ என்று கேட்டாள். வேணும் என்றேன்.